மூன்றரை லிட்டர்

“ஃபைவ் தேர்ட்டியா, ட்வென்டி ஃபார்ட்டியா சார்?”

சென்னை ஜி.பி. ரோட்டில் ஓர் உதிரிபாகக் கடை. கவுன்டரில் இருந்தவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வண்டிக்குப் பன்னிரண்டு வயது என்று தெரிந்ததுமே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: “பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில் ஊத்துங்க சார். சத்தமே வராது. வெண்ணெய் மாதிரி ஓடும்.”

போன வருடம் ஒரு பட்டறையில் இதே பேச்சைக் கேட்டுத்தான் கெட்டி ஆயில் ஊற்றியிருந்தேன். முதல் வாரம் சத்தம் குறைந்தது உண்மை. பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடிகள் டேப்பட் ‘டக் டக்’ என்று அடித்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி யோசித்துத்தான் கிளம்பியது. ஆகவே இந்த முறை வண்டியோடு வந்த கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அதில் அச்சிட்டிருந்தபடி 5டபிள்யூ-30 கேட்டு வாங்கினேன். மூன்றரை லிட்டர். தேன் நிறம், விளக்கெண்ணெயைவிட எவ்வளவோ லேசு.

அந்த மூன்றரை லிட்டர் எங்கே பிறந்தது, என் இன்ஜினுக்குள் என்ன பாடுபட்டது, கடைசியில் எங்கே போனது என்பதுதான் இந்தக் கதை.

பிறந்த வீடு

கடைக்காரர் சொன்ன கெட்டி ஆயிலான 20டபிள்யூ-40இன் பிறந்த வீடு ஜி.பி. ரோட்டிலிருந்து அதிக தூரமில்லை. வடசென்னையில் மணலி. 1965இல் இந்திய அரசும், அமெரிக்காவின் அமோகோவும், ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ், 1969இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் கொள்ளளவோடு ஓடத் தொடங்கியது. இன்று அதன் பெயர் சென்னை பெட்ரோலியம்; கொள்ளளவு 105 லட்சம் டன். கச்சா எண்ணெய் துறைமுகத்தின் பாரதி டாக்கில் இறங்கி, குழாய் வழியாக மணலிக்குப் போகிறது.

அங்கே முதல் கோபுரத்தில் கச்சா எண்ணெயைக் காய்ச்சினால் கேஸ், பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் என்று வரிசையாகப் பிரிந்துவிடும். அடியில் தங்குவது கருப்பான ஒரு குழம்பு. அதை மேலும் சூடாக்கினால் மூலக்கூறுகள் உடைந்து கருகிவிடும் என்பதால், காற்றை உறிஞ்சி எடுத்த இரண்டாவது கோபுரத்துக்கு அனுப்புகிறார்கள். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையுமே. இன்ஜின் ஆயிலுக்கான சரக்கு அங்கேதான் பிரிகிறது. பிறகு ஒரு கரைப்பான், சூட்டில் சட்டென்று நீர்த்துப்போகும் பகுதிகளைக் கழுவி எடுக்கும். இன்னொரு கரைப்பானோடு சேர்த்துக் குளிர வைத்தால் மெழுகு உறைந்து ஒதுங்கும். மெழுகை எடுக்காவிட்டால் மார்கழித் தேங்காய் எண்ணெய் மாதிரி குளிர்ந்த ஊர்களில் இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்புக்குள்ளேயே கட்டிப்போய்விடும்.

இப்படிக் கிடைப்பது குரூப் 1 எனப்படும் அடிப்படை எண்ணெய். 20டபிள்யூ-40 செய்ய இதுவே போதும். என் கேனில் இருந்தது வேறு கிளை. அதில் கழுவி எடுப்பதோடு விடாமல், அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்தி மூலக்கூறுகளையே மாற்றிக் கட்டியிருப்பார்கள். இந்தக் குரூப் 3 எண்ணெய் தென் கொரியா, அமீரகம் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது.

இரண்டுக்கும் வித்தியாசம் சூட்டில் தெரியும். எல்லா எண்ணெயும் சூடானால் நீர்க்கும். எவ்வளவு நீர்க்கிறது என்பதில்தான் தரம். 1929இல் டீன், டேவிஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார்கள். அன்றைக்கு மிகக் குறைவாக நீர்த்த பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100 மார்க். மிக அதிகமாக நீர்த்த அமெரிக்க வளைகுடாக் கடற்கரை எண்ணெய்க்குப் பூஜ்யம். இன்றைய குரூப் 3 எண்ணெய் 120ஐத் தாண்டும்.

சேர்மானம்

வைக்கோலைக் கருக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து, மாட்டுவண்டி அச்சுக்கு மை போட்ட ஊர் நம்முடையது. ஆமணக்கு எண்ணெய் சூடான உலோகத்தை விடாமல் பற்றிக்கொள்ளும் குணத்தை லண்டனில் சார்லஸ் வேக்ஃபீல்டும் கண்டுகொண்டார். 1909இல் அவர் கம்பெனி ஆமணக்கு எண்ணெய் சேர்த்த இன்ஜின் ஆயிலை விற்றபோது, அதன் ஆங்கிலப் பெயரான ‘கேஸ்டர் ஆயில்’ என்பதிலிருந்தே ‘கேஸ்ட்ரால்’ பிறந்தது. முதல் உலகப் போர் விமானங்களின் சுழல் இன்ஜின்களும் ஆமணக்கு எண்ணெயில் ஓடின. ஆனால் அது சூட்டில் பிசினாகும். அடிக்கடி மாற்ற வேண்டும். கனிம எண்ணெய் அதன் இடத்தைப் பிடித்தது. பற்றிக்கொள்ளும் குணத்தை மட்டும் தனியாகச் சேர்க்க வேண்டியதாயிற்று.

அதனால் கேனுக்குள் இருப்பது வெறும் எண்ணெய் அல்ல. பத்திலிருந்து இருபது சதவீதம் வரை சேர்மானம். துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த ஒரு சேர்மம், உலோகம் உலோகத்தில் உரசும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிப் பூச்சு போலப் படிந்து, தான் தேய்ந்து உலோகத்தைக் காக்கும். கால்சியம் சார்ந்த ஒன்று அமிலத்தை முறிக்கும். இன்னொன்று கரித்துகளைத் தனித்தனியாக மிதக்க வைக்கும். நுரை அடங்கச் சில துளி சிலிகோன். கடைசியாக, சுருண்ட நூல்கண்டு போன்ற நீண்ட பாலிமர்கள்: குளிரில் சுருண்டு கிடந்து, சூட்டில் விரிந்து, நீர்த்துப்போகும் எண்ணெய்க்குக் கெட்டித்தன்மை தருபவை. ஒரே ஆயிலுக்கு 5 என்றும் 30 என்றும் இரண்டு எண் கிடைப்பது பெரும்பாலும் இவற்றால்தான்.

முதல் எண்ணின் பக்கத்தில் இருக்கும் டபிள்யூ, குளிர்காலத்தைக் குறிக்கிறது. அந்த எண் குறையக் குறையக் குளிரில் இன்ஜின் எளிதாகச் சுற்றும். இரண்டாவது எண், 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டி என்பது. 30 என்றால் 9.3லிருந்து 12.5 சென்டிஸ்டோக் வரை. 40 என்றால் 12.5லிருந்து 16.3 வரை. “நம்ம ஊர்ல ஏது குளிர்? முதல் எண் எதுக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. இன்ஜினுக்குச் சென்னைக் காலையும் குளிர்தான். 40 டிகிரியில்கூட 5டபிள்யூ-30, தன் 100 டிகிரி நிலையைப் போல ஆறு மடங்கு கெட்டியாக இருக்கும். 20டபிள்யூ-40 அதைவிடவும் ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டி.

முதல் நிமிடம்

ஒரு சனிக்கிழமை விடியற்காலை, ஏலகிரிக்குக் கிளம்பினேன். சாவியைத் திருப்பும்போது ஆயில் முழுவதும் சம்ப்பில் கிடக்கிறது. பம்ப் அதை உறிஞ்சி, ஃபில்டர் வழியாகத் தள்ளி, கிராங்க் பேரிங்குக்கும் மேலே கேம்ஷாஃப்ட்டுக்கும் ஏற்ற வேண்டும். அதற்கு ஆகும் சில விநாடிகளில் இன்ஜினைக் காப்பது நேற்றைய மிச்சப் படலமும் துத்தநாகப் பூச்சும்தான். என் இன்ஜினில் வால்வு இடைவெளியைச் சரிக்கட்டும் வேலையை டேப்பட்டுக்குள் புகும் ஆயிலே செய்கிறது. ஆயில் வரும்வரை இடைவெளி இருக்கும். ‘டக் டக்’ வரும். இந்தத் தடவை அந்தச் சத்தம் வருவதற்குள் அடங்கிவிட்டது.

பேரிங்குக்குள் நடப்பதை முதலில் கண்டவர் பிரிட்டனின் பியூச்சாம்ப் டவர். 1883இல் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, எண்ணெய் விடுவதற்காகப் போட்ட துளை வழியாக எண்ணெய் மேலே பொங்கி வந்தது. கார்க் வைத்து அடைத்தார், தள்ளிவிட்டது. மரக்கட்டை வைத்து அடைத்தார், அதையும் தள்ளிவிட்டது. அழுத்தமானியைப் பொருத்தினார். முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டியது. பேரிங்கின் மேல் இருந்த சராசரிச் சுமையோ 100 பவுண்டுதான். சுழலும் அச்சே எண்ணெயைத் தன்னோடு இழுத்துப் போய், குறுகலான இடத்தில் ஆப்பு மாதிரி செருகித் தன்னைத் தூக்கிக்கொள்கிறது என்று 1886இல் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார்.

பம்ப்பின் அழுத்தம் எண்ணெயைக் கொண்டுவந்து சேர்ப்பதோடு சரி. அச்சைத் தூக்கி நிறுத்துவது சுழற்சியும் எண்ணெயின் கெட்டித்தன்மையும் சேர்ந்துதான். கடும் சுமையில் அந்தப் படலத்தின் மிக மெல்லிய இடம் ஒரு மைக்ரான் அளவுக்கு இறங்கும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான்.

வேகமாகச் சுற்றினால் படலம் தடிக்கும், மெதுவாகச் சுற்றினால் மெலியும் என்பது இதிலிருந்து புரியும். மேட்டில் நாலாவது கியரிலேயே 1,200 சுற்றில் வண்டியை முக்க விட்டு, “ரெய்ஸ் பண்ணாம பதமா ஓட்டுறேன்” என்று நினைப்பவர் தன் பேரிங்குக்குத்தான் கெடுதல் செய்கிறார். சுமை உச்சத்தில், சுழற்சி அடிமட்டத்தில். அங்கே இரண்டாவது கியர் போட்டு 3,000 சுற்றில் ஏறுவது இன்ஜினுக்கு இதம்.

ஆனால் ஆயில் சூடாவதற்கு முன் மிதிக்கக் கூடாது. டாஷ்போர்டு முள் காட்டுவது கூலன்ட்டின் சூட்டை. அது நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் பதத்துக்கு வர இன்னும் சில கிலோமீட்டர் ஆகும். ஶ்ரீபெரும்புதூர் தாண்டும் வரை நான் 2,500 சுற்றைத் தாண்டவில்லை.

பதினான்கு வளைவுகள்

வாணியம்பாடி தாண்டித் திரும்பினால் ஏலகிரி மலைச்சாலை. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள்; புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கியவை. இரண்டாவது கியர். டேக்கோமீட்டர் முள் 4,000, 5,000 என்று ஏறியது. ஒரு நேர்ப்பாதையில் 6,000ஐத் தொட்டேன்.

6,000 என்றால் விநாடிக்கு 100 சுற்று. ஒவ்வொரு பிஸ்டனும் விநாடிக்கு 200 முறை நின்று திசை திரும்ப வேண்டும். 72 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் உள்ள இன்ஜினில், உச்சியில் திரும்பும் கணத்தில் பிஸ்டனின் முடுக்கம் புவியீர்ப்பைப் போலச் சுமார் 1,800 மடங்கு. கால் கிலோ பிஸ்டன், கனெக்டிங் ராடை 450 கிலோ எடையாக இழுக்கிறது. சுற்று பாதியானால் இந்த விசை பாதியாவதில்லை, கால் பங்காகிறது. 3,000 சுற்றில் வெண்ணெயாக ஓடும் இன்ஜின் 6,000இல் ஸ்டியரிங்கில் அதிர்வதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. பிஸ்டன் தன் ஓட்டத்தின் மேல் பாதியில், கீழ் பாதியைவிட வேகமாகத் திரும்பும். அதனால் நான்கு சிலிண்டர் இன்ஜினில் இரண்டு மேலே போக இரண்டு கீழே வந்தாலும் விசைகள் முழுக்கச் சமனாகாமல், கிராங்க் வேகத்தைப் போல இரு மடங்கில் ஓர் அதிர்வு மிஞ்சும். எதிர்த்திசையில் சுழலும் இரண்டு தண்டுகளை வைத்து இதை அடக்கலாம் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஃபிரெடரிக் லான்செஸ்டர் வழி சொன்னார். எந்த ஆயிலும் இந்த அதிர்வைத் தொட முடியாது. ஸ்பார்க் பிளக் தவறவிடும் உதறலையும், தொய்ந்துபோன இன்ஜின் மவுன்ட்டின் நடுக்கத்தையும் ஆயில் தீர்க்காது. டேப்பட், டைமிங் செயின், பிஸ்டன், பேரிங் ஆகியவற்றின் உலோகச் சத்தம்தான் ஆயிலின் எல்லைக்குள் வருவது.

மலை ஏறும்போது அந்த எல்லைக்குள் நடந்தது இது. சம்ப்பில் நூறு டிகிரியைத் தாண்டிய ஆயில், பேரிங்கின் இடுக்குக்குள் இன்னும் சூடாகி நீர்க்கிறது. படலம் கிழிபடும் வேகத்தில் அந்தப் பாலிமர் நூல்கள் ஓட்டத்தின் திசையில் படுத்துவிடுகின்றன. கெட்டித்தன்மை தற்காலிகமாகக் குறைகிறது. சில நூல்கள் அறுந்தே போகின்றன. அது திரும்பி வராத இழப்பு. இதற்காகவே 150 டிகிரி சூட்டில், மிகக் கடுமையாக இழுபடும் நிலையில் ஆயிலை அளக்கும் சோதனை ஒன்று உண்டு. 30 கிரேடு அதில் குறைந்தது 2.9 எடுக்க வேண்டும். 20டபிள்யூ-40க்கு 3.7. இப்போது புதுக் கார்களில் பரவலாகிவரும் 0டபிள்யூ-20க்கு 2.6 போதும்.

கடைக்காரரின் பேச்சில் இருக்கும் உண்மை இந்த எண்களில்தான் இருக்கிறது. எப்போதும் உச்சச் சுற்றில், முழுச் சுமையில், வெயிலில் ஓடும் வண்டிக்குத் தடித்த படலம் கூடுதல் காப்பு. தேய்ந்து இடைவெளி விட்ட இன்ஜினில் அது சத்தத்தையும் விழுங்கும். ஆனால் கெட்டி ஆயில் இழுபடும்போது தானே சூட்டை உண்டாக்கும். பம்ப்புக்கும் பிஸ்டனுக்கும் கூடுதல் வேலை வைக்கும். நுண்ணிய துளைகளுக்குள் தாமதமாகப் போகும். கையேட்டில் சில கம்பெனிகள் வெளிச் சூட்டுக்கு ஏற்ப இரண்டு மூன்று கிரேடுகளை அட்டவணையாகத் தந்திருப்பார்கள். அந்த வேலிக்குள் ஒரு படி மேலே போகலாம். வேலியைத் தாண்டினால் இன்றைய இன்ஜினில் சிக்கல், ஏனென்றால் இப்போது ஆயில் வழுக்குவதோடு வேலையும் செய்கிறது. 1989இல் ஹோண்டா இன்டெக்ராவில் வந்த விடெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்று ஏறியதும் ஆயிலின் அழுத்தம் ஒரு சிறு பின்னைத் தள்ளி, வால்வுகளை உயரமான கேமோடு பூட்டும். 1.6 லிட்டரில் 7,600 சுற்றில் 160 குதிரைத்திறன் வந்ததற்கு அந்தப் பின்னைத் தள்ளிய எண்ணெய்க்கும் பங்கு உண்டு. இன்று சாதாரணக் குடும்பக் கார்களிலும் கேம்ஷாஃப்ட்டின் நேரத்தை முன்பின் நகர்த்துவதும், டைமிங் செயினை இறுக்கிப் பிடிப்பதும் ஆயில்தான். எந்தக் கெட்டித்தன்மைக்கு அந்தத் துளைகளைச் செதுக்கினார்களோ அதைத்தான் அவை எதிர்பார்க்கின்றன.

அளவும் முக்கியம். “கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானே” என்று கோட்டுக்கு மேலே ஊற்றினால், கிராங்க்கின் எடைக்கட்டிகள் ஆயிலில் முங்கி, மத்தால் மோர் கடைகிற மாதிரி நுரைக்க வைத்துவிடும். நுரையை அமுக்க முடியும், எண்ணெயை முடியாது. நுரை புகுந்த டேப்பட் மறுபடி ‘டக் டக்’ என்னும்.

மலையிலிருந்து இறங்கிய பிறகு

ஊர் திரும்பியதும் சிக்னலில் ஐடிலிங் முன்பைவிட நிதானமாக இருந்தது போலத் தோன்றியது. “கார்பன் அடிச்சிருக்கும் சார், அப்பப்ப ஹைவேல விரட்டி ஓட்டுங்க” என்று மெக்கானிக் அண்ணன் சொல்வதும் இதைத்தான். பாதி சரி. ஊருக்குள் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில், எரியாத பெட்ரோல் ரிங் வழியாகக் கசிந்து ஆயிலை நீர்க்கச் செய்யும், ஈரமும் சேரும். ஆயில் நன்றாகச் சூடாகி ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டும் ஆவியாகிப் போகும். ஸ்பார்க் பிளக்கின் முனையும் சுமார் 500 டிகிரியை எட்டினால்தான் தன் மேல் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். ஆனால் பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் புது இன்ஜின்களில் இன்டேக் வால்வின் முதுகில் படியும் கரி, எவ்வளவு விரட்டினாலும் போகாது. அதைக் கழுவ அங்கே பெட்ரோல் வருவதே இல்லை.

விரட்டலுக்கு ஆயில் தரும் விலையும் உண்டு. பத்து டிகிரி சூடு கூடினால் ஆயில் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். மலைகளும் நெடுஞ்சாலைகளும் அதிகம் பார்த்த வருடத்தில் நான் கெடுவுக்கு முன்பே ஆயிலை மாற்றிவிடுகிறேன். வாரம் ஒருமுறை டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பதும் பழக்கமாகிவிட்டது.

ஒரு வருடம் கழித்து அந்த மூன்றரை லிட்டர் பட்டறையில் இறங்கியது. போல்ட்டைக் கழற்றியதும் கறுப்பாக, தண்ணீர் மாதிரி ஊற்றியது. பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். கரித்துகளைத் தன்னிடம் மிதக்க வைத்து வெளியே கொண்டுவருவது அதன் வேலை. கறுக்காத ஆயில் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்த மெக்கானிக் அண்ணன், “நரநரன்னு இல்ல சார். நல்லாத்தான் உழைச்சிருக்கு” என்றார்.

அந்தக் கறுப்புக்குள் எண்ணெய் மூலக்கூறுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. தீர்ந்துபோனது சேர்மானம், சேர்ந்தது அழுக்கு. மறுபடி காய்ச்சி வடித்து, ஹைட்ரஜனால் சுத்தம் செய்தால் அது மீண்டும் அடிப்படை எண்ணெயாகும். பழைய ஆயில் இந்தியச் சட்டப்படி அபாயகரமான கழிவு. அதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2024 ஏப்ரல் முதல் உற்பத்தியாளர்கள், இறக்குமதியாளர்கள் மேலேயும் சட்டம் வைத்திருக்கிறது.

“இதை எங்கண்ணே குடுப்பீங்க?” என்று கேட்டேன்.

மூலையில் இருந்த டிரம்மைக் காட்டினார். “மாசத்துக்கு ஒருதடவை வண்டி வந்து மொத்தமா எடுத்துக்கிட்டுப் போவாங்க. அதுக்கு முன்னாடி சென்ட்ரிங் ஆளுங்க வந்து கேன்ல வாங்கிட்டுப் போவாங்க.”

கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் சென்ட்ரிங் பலகையில் வேஸ்ட் ஆயில் பூசுவார்கள். மண்ணில் சொட்டி மண்ணைக் கெடுக்கும். செய்யக் கூடாத காரியம். என் மூன்றரை லிட்டர் டிரம்மில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பூசாவிட்டால் கான்கிரீட் பலகையைப் பற்றிக்கொள்ளும். பூசினால் பலகை கழன்று வந்துவிடும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு வருடம் பார்த்த அதே வேலை.

“அடுத்ததும் ஃபைவ் தேர்ட்டிதானே சார்?” என்றார் அவர், ஃபில்டரைத் துடைத்துக்கொண்டே.